புதுப்பிப்பு: நாதஸ்வரத்துக்கு மைக்கை இடம் மாற்றிய பிறகு

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் செய்த நாதஸ்வரப் பதிவில், மைக்கை அணைசுக்கு (குழலின் அடியில் விரிந்திருக்கும் வாய்ப்பகுதி) நேர் எதிரே வைத்ததால் சில ஸ்வரங்கள் வெடித்தும் சில ஸ்வரங்கள் பின்வாங்கியும் ஒலித்தன என்று முன்பு எழுதியிருந்தேன். நேற்று அதே கூடத்தில், அதே கலைஞர்களுடன் மீண்டும் பதிவு செய்தோம்.

காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. விரல் துளைகள் எல்லாவற்றையும் மூடி வாசிக்கும்போது ஒலி பெரும்பாலும் அணைசுப் பக்கமாகவே வெளியேறுகிறது. விரல்கள் எழ எழ, திறந்த துளைகளின் வழியாகத்தான் பெரும்பகுதி வருகிறது. ஆகவே மைக்கை ஏறத்தாழ 3 அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து, சற்று மேலிருந்து சாய்த்து வைத்தேன். கமகங்களில் விரல் மெல்ல நழுவும் இழைவுகூட, சீவாளியின் (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி) கரகரப்பு மிகாமல், அப்படியே பதிவானது. கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தவிலுக்கு வலந்தலையில் (விரல்களால் வாசிக்கும் வலப்பக்கம்) ஒன்றும், கோல் விழும் தொப்பியில் (இடப்பக்கம்) ஒன்றுமாக இரண்டு மைக்குகள். ஒரு தோல் உள்ளே அமுங்கும்போது மற்றது வெளியே உந்தப்படுவதால், இரண்டு மைக்குகளின் ஒலியும் ஒன்றையொன்று குறைக்காதபடி தொப்பி மைக்கின் துருவத்தை (polarity) மாற்றினேன். மெலிந்திருந்த கும்காரம், அதாவது தவிலின் ஆழ்ந்த அடிநாதம், உடனே திரும்பியது. எதிரொலிக்குச் சுவரில் இரண்டு ஜமுக்காளங்கள் போதுமானதாக இருந்தன.