கொழுவின சாமானை லினக்ஸ் வேற சாமான் எண்டு எடுத்த அனுபவங்கள் – உங்களுக்கும் நடந்ததோ?

கொக்குவிலான்:
அக்கான்ர மகனுக்கு விடிஞ்சா வைவா. வெங்காயத் தோட்டத்துக்கு மண் ஈரம் அளக்கிற புரொஜெக்ட். மலிவு நானோ போர்ட் (சின்னக் கம்பியூட்டர் சர்க்கிட்), அது யூஎஸ்பியாலை பேசிறதுக்கு சிஎச்340 சிப். கம்பஸில வேலை செய்தது, வீட்டில உபுண்டு 22.04 லப்டொப்பில போர்ட்டைக் காட்டவே இல்லை. வயர் மாத்தியாச்சு, ஓட்டை மாத்தியாச்சு. கடைசியா, கேர்னல் (லினக்ஸின்ர நடுப்பகுதி) எழுதிற செய்திகளைக் காட்டிற டிமெஸ்ஜி கட்டளையை ஓட விட்டிட்டு, திரும்பக் கொழுவடா எண்டன். அந்தச் சிப்புக்கான சிஎச்341 டிரைவர் (சாமானோட பேசிற மென்பொருள்) வந்து பிடிச்சு, ரிரிவை-யூஎஸ்பி0 எண்டு பேரும் குடுத்திட்டுது. பெடியன் 'மாமா வந்திட்டுது!' எண்டு கத்தி வாய் மூடேல்லை, அடுத்த வரியில பிஆர்எல்ரிரிவை எண்டொரு பேர், அதுக்குக் கீழ டிஸ்கனெக்டட். போர்ட்டில சிவப்பு லைட் எரிஞ்சபடி நிக்குது! பார்வையில்லாதவை தொட்டு வாசிக்கிற பிரெய்ல் கருவிக்கான புரோகிராம் அது, வந்து பறிச்சிருக்கு. அதைத் தூக்கி எறிஞ்ச உடனை எல்லாம் சரி. ஆனா கேர்னல் ஒரு டிரைவருக்குக் குடுத்ததை வேற ஒண்டு பறிக்க ஏன் விடுது? இண்டைக்கும் மனசுக்க அரிக்குது.

பருத்தித்துறைப் பெடியன்:
எனக்கு டொங்கிள், இன்ரநெட்டுக்குக் கொழுவிற யூஎஸ்பி மோடம். பெரியப்பா வீட்டில விண்ணப்பம் ஒண்டு அனுப்ப வேணும், கொழுவினா திரையில சிடி படம் வருது. மோடத்தைக் காணேல்லை. பெரியப்பா 'தம்பி, உதுக்குள்ள சிடி எங்க இருக்கு?' எண்டு டொங்கிளைக் கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தார். விண்டோஸ் டிரைவரை உள்ள வைச்சு விக்கிறதுக்காக அது முதல் தன்னைச் சிடி எண்டுதான் சொல்லுமாம். அதை மோடமா மாத்திற யூஎஸ்பி-மோட்சுவிச் புரோகிராம் போட்ட பிறகு ஒருக்கா விழுந்து எழும்பி, வேற புரொடக்ட் நம்பரோட வந்துது. அப்பதான் மோடம் டிரைவர் பிடிச்சுது.

திருநெல்வேலி வாசி:
கொக்குவில் அண்ணை, கேர்னலில பிழை சொல்லாதேங்கோ. அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு. சாமானைக் கொழுவின உடனை அது வெண்டர் (கொம்பனி) நம்பரையும் புரொடக்ட் (சாமான்) நம்பரையும் சொல்லும். உங்கட சிப்புக்கு 1ஏ86, 7523. ஒவ்வொரு டிரைவரும் தான் பாக்கிற நம்பர்களை அட்டவணையா வைச்சிருக்கு. டெப்மொட் எண்ட கட்டளை அதுகளைச் சேர்த்து மொடியூல்ஸ்-அலியாஸ் எண்ட கோப்பில எழுதி வைக்கும். கேர்னல் நம்பரை அறிவிக்க, சாமான் வாறதைக் கவனிக்கிற யுடெவ் புரோகிராம் அந்தக் கோப்பைப் பாத்து மொடியூலை (டிரைவர் இருக்கிற கோப்பை) ஏத்துவிக்கும். பேந்து யூஎஸ்பி பஸ் (கேர்னலின்ர யூஎஸ்பி பகுதி) அட்டவணையோட ஒப்பிட்டு, பொருந்தினா டிரைவரின்ர புரோப்பை (சாமானைச் சோதிக்கிற பகுதியை) கூப்பிடும். புரோப் 'இது என்ர இல்லை' எண்டா அடுத்த டிரைவர். பென் டிரைவ் எந்தக் கொம்பனியெண்டாலும் வேலை செய்யிறது நம்பராலை இல்லை, 08 எண்ட கிளாஸாலை (சேமிப்புச் சாமான் எண்ட வகை). உங்களிட்டைப் பறிச்சது கேர்னலுக்கு வெளிய ஓடுற புரோகிராம். ரூட் (நிர்வாகி) உரிமை இருந்தா யூஎஸ்பி-எஃப்எஸ் (புரோகிராமுகள் யூஎஸ்பி சாமானோட நேர பேசிற வாசல்) வழியா டிரைவரைக் கழட்டலாம், ஸ்கானர், பிரிண்டர் புரோகிராமுகளும் அந்த வழியாலைதான் ஓடுது. இனிமேல் எல்லாரும் எதையும் அழிக்க முதல் எல்எஸ்-யூஎஸ்பி மைனஸ்-டி அடிச்சு எந்த டிரைவர் பிடிச்சிருக்கெண்டு பாருங்கோ. மெசினுக்குள்ள பூட்டிற பிசிஐ கார்ட் எண்டா எல்எஸ்-பிசிஐ மைனஸ்-என்என்கே. அட்டவணையில நம்பர் இல்லாத புதுச் சாமானுக்கு சிஸ்-எஃப்எஸ்ஸில (கேர்னல் தன்ர விவரங்களைக் கோப்பாக் காட்டிற இடம்) நியூ-ஐடி எண்ட கோப்புக்குள்ள நம்பரை எழுதினாலே அந்த டிரைவர் ஒருக்கா முயற்சி பண்ணும், கேர்னலைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. என்ர கதை சின்னது: பழைய வைஃபை குச்சி ஒண்டு அப்பிடித்தான் எழும்பினது.

லாப் அக்கா:
தம்பி சொன்ன விளக்கம் சரி. எனக்கு நோகிறது 'தூக்கி எறிஞ்ச' எண்ட சொல்லு. எங்கட லாப்பில ஆரோ உதே காரணத்துக்காக எல்லா மெசினிலயும் பிஆர்எல்ரிரிவையை அழிச்சுப்போட்டினம். அடுத்த நாள் பார்வையில்லாத பிள்ளை ஒண்டு தன்ர பிரெய்ல் டிஸ்பிளேயைக் கொழுவிப்போட்டு, புள்ளி எழும்புமெண்டு விரலை வைச்சபடி இருந்தது. ஒண்டும் எழும்பேல்லை. 'மிஸ், என்ர மெசின் பழுதோ?' எண்டு கேட்டிச்சு.

சிப் செய்தவை குடுத்த நம்பரைச் சாமான் செய்யிறவை மாத்தாமல் விட்டா, நானோவும் பிரெய்ல் கருவியும் ஒரே நம்பரோடதான் வரும். அதாலை புரோகிராமை அழிக்காமல் விடுங்கோ, எந்த நம்பருக்கு அது ஓட வேணுமெண்டு யுடெவுக்குச் சொல்லுற 85-பிஆர்எல்ரிரிவை ரூல்ஸ் கோப்பை ஈ-ரி-சிக்குக் கீழ யுடெவ் ரூல்ஸ் போல்டருக்குள்ள அதே பேரில கொப்பி பண்ணி, 7523 வாற வரிக்கு முன்னால மட்டும் ஹேஷ் (#) போட்டு மறையுங்கோ. அங்க இருக்கிறதைத்தான் யுடெவ் எடுக்கும், அப்டேட்டிலயும் அழியாது.

கொக்குவிலான்:
அக்கா, அந்தப் பிள்ளையின்ர டிஸ்பிளேயும் 7523 நம்பரோடதானோ வருது? அப்பிடியெண்டா அந்த வரியை மறைச்சா அதுவும் எழும்பாதே.

லாப் அக்கா:
இல்லைத் தம்பி, அதுக்கு வேற நம்பர், மறைக்க முதல் பாத்தனான். அதே நம்பரோட ஒண்டு வந்தா, போர்ட் கொழுவிற மெசினையும் அந்தப் பிள்ளையின்ர மெசினையும் பிரிச்சுத்தான் வைக்க வேணும்.