மலை இடைவெளியில் விரையும் காற்று: ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கான புவியியல் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, பாலக்காட்டு இடைவெளிக்குள் நெருக்கியடித்து நுழைந்து, வேகம் பிடித்துப் பல்லடம், உடுமலைப் பக்கம் வருகிறதல்லவா, ஆங்கிலத்தில் ஃபன்னலிங் என்கிற அந்த நிகழ்வு. ‘புனல் விளைவு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– ந.

புனல் வேண்டாம் ஐயா. அனல் மின்சாரம், புனல் மின்சாரம் என்று படித்த பிள்ளை காற்றாலைப் பாடத்தில் புனலைக் கண்டால் அணையைத் தேடும். ‘கணவாய்க் காற்று’ போதும்.
– செ.

வளி இருக்கக் காற்று எதற்கு? ‘இடுக்குவளி’ என்க. கணவாயை விடுவதில் எனக்கும் வருத்தம்தான். கன்னடத்தில் கணிவே, ஆக இது பழைய திராவிடச் சொல். குமரிப் பக்கத்து ஆரல்வாய்மொழிக் கணவாயின் பெயரிலும் அதே வாய்தான் பாருங்கள்: ஆரல் என்றால் மதில், மதிலின் வாய்வழி, ‘மொழி’ பின்னால் வந்த திரிபு என்பார்கள். முப்பந்தல் காற்றாலைகள் அந்த வாய்க்கு நேரேதான் நிற்கின்றன.
– பு.

மீன் சந்தையில் கணவாய் கேட்டால் வேறொன்று கிடைக்கும், அது கிடக்கட்டும். ந. கேட்டது காற்றின் பெயரை அல்ல, நிகழ்வின் பெயரை. குன்றின் முகட்டிலும் காற்று இப்படித்தான் விரைகிறது, அங்கே கணவாய் ஏது? மேலே ஏறும் காற்றுக்கு இடம் குறைகிறது, வேகம் கூடுகிறது. வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு, அதனால்தான் ஆலை நட இடம் தேடுகிறவர்கள் முகட்டையும் இடைவெளியையும் விடுவதில்லை. இரண்டுக்கும் பொருந்த ‘காற்று நெருக்கம்’ என்போமா?
– க.

நெருக்கம் என்றால் காதல் கவிதை போல இருக்கிறது. பேசாமல் ‘கோடை’ என்றே போடலாமே! கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது, மேற்குக் காற்றுக்குக் கோடை என்றுதானே பெயர்?
– பு.

மெக்சிகோவின் தெகுவாண்டெபெக் நிலஇடுக்கில் குளிர்காலத்தில் இதே போன்ற காற்று வடக்கிலிருந்து சீறிக்கொண்டு வருகிறது. அங்கே வாடை என்பீர்களா? அப்புறம், கோடை என்றால் பிள்ளைகளுக்கு வெயில்தான் நினைவுக்கு வரும்.
– செ.

சரி, செ. சொன்னபடி தலைப்பில் ‘கணவாய்க் காற்று’. முகட்டைப் பற்றிய பத்தியில் மட்டும் ‘காற்று நெருக்கம்’. புனலை எடுத்துவிட்டேன்.
– ந.

‘வளிநெருக்கம்’ என்றாவது போட்டிருக்கலாம். நாளை மாலை வரை நேரம் இருக்கிறது.
– பு.