தேன் நெல்லிக்காய் நுரைக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

பாட்டி தை மாதத்தில் தேன் நெல்லிக்காய் போடுவார். இட்லிப் பானையில் ஆவி காட்டிய காய்களை ஊசியால் குத்தி, வெல்லப் பாகில் ஊறவிட்டு, பீங்கான் ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி மொட்டை மாடி வெயிலில் வைப்பார். காவல் நான்தான், பாதியைத் தின்றதும் நான்தான். ஊறி ஊறிக் காய் கருத்துச் சுருங்கிவிடும், கொட்டையைச் சுற்றி மட்டும் லேசான துவர்ப்பு மிஞ்சும்.

பாட்டி இப்போது இல்லை. கைப்பக்குவத்தை எழுதி வைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

போன வாரம் 1 கிலோ காய்க்கு முக்கால் கிலோ வெல்லம் சேர்த்து நானே போட்டேன். ஐந்தாம் நாளே பாகு நீர்த்து, மேலே நுரை கட்டிப் புளித்த வாடை வருகிறது. வெல்லம் போதவில்லையா, காயில் ஈரம் நின்றுவிட்டதா? பாகை வடித்து மறுபடி காய்ச்சினால் தேறுமா, கொட்டிவிட வேண்டியதுதானா? அடுத்த முறைக்குக் கம்பிப் பதம் வேண்டுமா, பிசுக்குப் பதமே போதுமா?