சோயா: ஊடு உழவில் ஓர வரிசை நசுங்குகிறது, விதைப்பிலும் இடைவெளி. எங்கே தப்பு?

கேள்வி (செம்மண்காடு): ஒன்பது கொழு (மண்ணைக் கீறும் முனை) உள்ள சீடு டிரில், அதாவது டிராக்டர் விதைப்புக் கருவி; கொழுவுக்குக் கொழு 22.5 செ.மீ. 1, 3, 5, 7, 9-ஐ அடைத்துவிட்டு, மீதி நான்கில் 45 செ.மீ. இடைவெளியில் விதைத்தாயிற்று. டிராக்டரின் சக்கரத் தடம், மையத்துக்கு மையம், 135 செ.மீ. இப்போது பயிருக்கு 20 நாள். களை எடுக்க டிராக்டரை இறக்கினால் ஓரத்து இரண்டு வரிசையும் சக்கரத்தடியில் போகிறது. சாலில் அங்கங்கே முளைப்பே இல்லை, உடைந்த பருப்பும் கிடக்கிறது. தடத்தை மாற்றாமல் இந்தப் பயிரைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் 1 (கொழுமுனை): அடைத்தது தப்பான கொழுக்களை. நான்கு வரிசை என்றால் டிராக்டரின் நடுவிலிருந்து இருபுறமும் 22.5, 67.5 செ.மீ.யில் வரிசை விழும். 135 செ.மீ. தடத்தில் சக்கர மையமும் அதே 67.5-தான். அடுத்த முறை 2, 4, 6, 8-ஐ அடையுங்கள். வரிசைகள் நடுவிலும், 45-லும், 90-லும் விழும், சக்கரம் இரண்டு வரிசைக்கு நட்டநடுவில் ஓடும். 12.4 அங்குல டயர் என்றால் பக்கத்துக்கு 7 செ.மீ.தான் மிச்சம், ஆக ஓட்டுபவர் கை நேராக இருக்கணும். அடைத்த கொழுவைக் கழற்றியே வையுங்கள், இல்லையென்றால் சும்மா மண்ணைக் கிளறி ஈரத்தை விரயமாக்கும். மார்க்கர் (பக்கவாட்டில் மண்ணில் அடையாளம் கீறும் கம்பி) போடும் கோடு ஓரக் கொழுவிலிருந்து 135 செ.மீ. தள்ளி விழட்டும், அடுத்த ஓட்டத்துக்கு டிராக்டரின் நடு அந்தக் கோட்டில்.

பதில் 2 (ஈரமண்): இடைவெளிக்கு வருகிறேன். சோயாவின் தோல் மெல்லிசு, முளைக்கரு தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்டியிலிருந்து விதையை அளந்து தள்ளும் பல் ரோலரைக் குறைவாகத் திறந்து வேகமாகச் சுற்றவிட்டால் விதை நசுங்கும். அகலமாகத் திறந்து, பல்சக்கரம் மாற்றி மெதுவாகச் சுற்றவிடுங்கள். அடியிலுள்ள தகட்டையும் தளர்த்துங்கள்.

அளவு பார்க்க: ரோலரைச் சுற்றவைக்கும் டிரில்லின் நிலச்சக்கரம் 40 செ.மீ. விட்டம் என்றால் ஒரு சுற்று 1.26 மீட்டர். தூக்கி நிறுத்தி 20 சுற்று சுற்றினால் 25 மீட்டர் ஓட்டம். ஐந்து வரிசைக்கு 2.25 மீட்டர் அகலம். ஹெக்டேருக்கு 70 கிலோ வேண்டுமானால் மொத்தம் சுமார் 395 கிராம், குழாய்க்கு 79 கிராம் விழணும். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்தத்தைப் பார்த்தால் அடைத்த குழாய் தெரியாது. ரைசோபியம் (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர்) கலந்த விதையை நிழலில் உலர்த்திய பிறகே அளவு பாருங்கள். ஈர விதை பெட்டியில் கூரை கட்டி நின்றுவிடும்.

இன்னொன்று: நின்ற இடத்தில் டிரில்லை இறக்கினால் கொழுவின் வாயில் மண் ஏறும். அந்தக் குழாயில் விதை நுனிவரை அடுக்கி நிற்கும், பின்னால் வெறும் சால் ஓடும். நகர்ந்துகொண்டே இறக்கணும். ஆழம் 3–4 செ.மீ. போதும், அதற்குக் கீழே போய், மழை பெய்து மேல்மண் இறுகிவிட்டால் முளை தலையைத் தூக்க முடியாமல் கழுத்தொடியும்.

பதில் 3 (களைவாரி): இப்போதைய பயிருக்குச் சக்கரத் தடத்தை 180-க்கு மாற்றலாம், சக்கரம் சரியாக விதைப்பின் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தின் சந்திப்பில் ஓடும். மாற்ற வேண்டாம் என்றால் நடந்து ஓட்டும் பவர் வீடர் (களையெடுக்கும் சிறு இயந்திரம்) தான். பிளேடு அகலம் 30 செ.மீ. வையுங்கள், பயிருக்குப் பக்கத்துக்கு 7 செ.மீ. விட்டு ஓடும். ஆழம் 3–4 செ.மீ.; அதைத் தாண்டினால் பக்கவேரும் வேர்முடிச்சும் அறுபடும். முதல் ஓட்டம் இப்போதே, களை இரண்டு நான்கு இலையில் இருக்கும்போது. இரண்டாவது 35-ஆம் நாளுக்குள், பூ வருமுன். மண்ணைப் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்கிறதா, அன்றைக்கு இறக்காதீர்கள்; வெட்டிய களை மறுபடி வேர்விடும். வரிசைக்குள் நிற்கும் களை எந்த மெஷினுக்கும் சிக்காது, கைக்களைதான். கோரை, அருகு நிறைந்த இடத்தில் ரோட்டரி பிளேடு வேண்டாம், துண்டு துண்டாக வெட்டிப் பரப்பிவிடும். அங்கே தட்டைக் கொழு பூட்டிய கருவியே மேல்.