ஜுராசிக் படங்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சியைப் பகிருங்கள்

கோரிப்பாளையம் உறுப்பினர்:
2025 ஜூலையில் வெளியான ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்’ படத்தை அண்ணா நகரில் பார்த்தேன். கதையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீவு, பணத்தாசை பிடித்த நிறுவனம், இடையில் மாட்டிக்கொண்ட குடும்பம் என 1993 முதல் நமக்குப் பழகிய தடம்தான். டைரனோசரஸ் என்ற ராட்சத டைனோசர் ஆற்றங்கரையில் உறங்கிக்கொண்டிருக்க, அந்தக் குடும்பத்துப் பெண் அதன் அருகிலேயே ரப்பர் படகை எடுக்க முயலும் இடத்தில், பின்வரிசைச் சிறுவன் ஒருவன் “இப்ப முழிச்சிரும் பாருங்க” என்று உரக்கச் சொன்னான். அவன் சொன்னபடியே நடந்தது. முதல் படத்துக்கு மூலமான, மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலிலேயே இந்த ஆற்றுத் துரத்தல் இருப்பதும், முதல் படத்தில் அது விடுபட்டதும் எனக்கு முன்பே தெரியும். அப்படியிருந்தும் இருக்கையின் கைப்பிடியை விட முடியாமல் பிடித்திருந்தேன். வரப்போவது தெரிந்திருந்தும் அச்சம் ஏன் குறையவில்லை?

திருமங்கலம் உறுப்பினர்:
அச்சம் கதையில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது என்பேன். முதல் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் பள்ளி மாணவன். மழையில் வண்டிகள் நிற்க, டைனோசரின் காலடி அதிர்வில் குவளை நீரில் வளையங்கள் எழுகின்றனவே, சரியாக அந்த இடத்தில் மின்சாரம் போய்விட்டது. வழக்கமாக இருட்டானதும் விசில் பறக்கும் அரங்கில் அன்று ஒரு குரலும் எழவில்லை. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும் எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து வாசலைப் பார்த்தார். அந்த ஓசை விலங்கின் ஓசையாகவே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்த நீர்வளையங்கள் வண்டிக்கு அடியில் கட்டிய கிட்டார் கம்பியை மீட்டி உண்டாக்கியவை. 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் ஏறத்தாழ 15 நிமிடங்களே வருகின்றன. புதிய படங்கள் அந்தப் பொறுமையை இழந்துவிட்டன.

உசிலம்பட்டி உறுப்பினர்:
திருமங்கலத்து நண்பர் மின்தடை தந்த அச்சத்தைப் படத்தின் கணக்கில் சேர்க்கிறார்; அதை ஏற்க இயலவில்லை. நான் ஆசிரியராக இருந்தவன். 2015இல் வந்த படத்தை மாணவர்களுடன் பார்த்தபோது, நீர்த்தொட்டியிலிருந்து மோசசாரஸ் எழும்பிச் சுறாவைக் கவ்விய நொடியில், ஒரு மாணவன் “ஐயா, இது டைனோசரா?” என்று கேட்டான். அது டைனோசர் அன்று. உடும்புக்கும் பாம்புக்கும் உறவான கடல் ஊர்வன. ரீபர்த்தில் வரும் கெட்சல்கோட்லஸும் டைனோசர் அன்று, பறக்கும் ஊர்வனவே. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இதை முன்பே சொல்லிவிடுங்கள். படங்களில் ஆளுயரத்தில் வரும் வெலாசிராப்டர் என்ற டைனோசர் உண்மையில் வான்கோழி அளவினது, இறகுகள் கொண்டது என்பதையும் சொல்லுங்கள். இயன்றால் முதலில் 1993 படத்தைக் காட்டுங்கள். அதன் திரைக்கதையில் பங்குகொண்ட டேவிட் கோப்பே ரீபர்த்தையும் எழுதியிருப்பதால், எதை மீண்டும் எடுத்தாண்டிருக்கிறார், எதை மாற்றியிருக்கிறார் என்று பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விடுமுறையில் அரியலூர்ப் பக்கம் சென்றால் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளில் கிடைத்த, சுருள் ஓடுடைய கடலுயிரான அம்மோனைட்டின் புதைபடிவங்களையும் காணலாம். மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுதான். கோடை வெயிலில் மட்டும் வேண்டாம்.

மேலூர் உறுப்பினர்:
ஐயா சொல்லும் அறிவியல் தேவையானதே. ஆயினும் கோரிப்பாளையத்து அண்ணன் கேட்ட கேள்வி அதுவன்று. அதே ஆற்றுக் காட்சியில் என் மகன் என் புடவைத் தலைப்பை முகத்தில் மூடிக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வரிசையில் அவன் பார்த்த முதல் படம் அது. பக்கத்து இருக்கையிலிருந்த பெரியவர் அன்போடு குனிந்து, “பயப்படாதய்யா, இந்தப் படத்துல சின்னப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அவன் தலைப்பை விட்டுவிட்டான். அடுத்த நிமிடமே எப்போது முடியும் என்று கேட்கத் தொடங்கினான். பெரியவர் சொன்னது பொய்யில்லை; 1993இல் அக்காவும் தம்பியும், 2015இல் அண்ணனும் தம்பியும், இப்போது அக்காவும் தங்கையும் என எல்லாரும் பிழைத்துத்தான் வருகிறார்கள். அண்ணே, உங்கள் பின்வரிசைச் சிறுவன் விலங்கு விழிக்கும் என்று சொன்னான், யார் தப்புவார் என்று சொல்லவில்லை. விழிக்கும் என்று தெரிந்தால் அந்த நொடிக்காக உடல் முன்கூட்டியே இறுகுகிறது. எல்லாரும் தப்புவார்கள் என்று தெரிந்தால்தான் தளர்ந்துவிடுகிறது. அடுத்த படத்தை எடுப்பவர்கள் தீவையும் ஆற்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டட்டும். யார் பிழைப்பார் என்பதை மட்டும் என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒருசேரத் தெரியாமல் வைக்கட்டும்.