இரவில் கூட்டுக்குள் புகுந்து கோழியைக் கடிக்கிறது, எது என்று தெரியவில்லை

கரிசல்மேடு:
சிவகங்கைப் பக்கம். தோட்டத்தை ஒட்டி ஓடையும் சீமைக்கருவேலங்காடும். கூடு 8 அடி நீளம், 6 அடி அகலம். மண் தரை, ஓட்டுக்கூரை, நாலு பக்கமும் அறுகோணக் கண் கோழிவலை. சிறுவிடைக் கோழி 15 இருந்தது. ஒரே வாரத்தில் ராத்திரியில் 3 போய்விட்டன. தலையைக் காணோம், உடம்பு வலையோரமாக அப்படியே கிடக்கிறது. தரையில் வளை எதுவும் இல்லை. பகலில் மேயும் குஞ்சுகளும் குறைகின்றன. கீரி நடமாட்டம் உண்டு. கீரிதானா? அதிகம் செலவில்லாமல் எப்படித் தடுப்பது?

ஓடைக்கரை:
ராத்திரி வேலை கீரியுடையது இல்லை. கீரி பகலில்தான் இரை தேடும். மரநாய் அல்லது வெருகாக (காட்டுப்பூனை) இருக்கும். உடம்பு வலையோரம் கிடக்கிறது என்றால், வலையை ஒட்டித் தூங்கும் கோழியின் தலையை வெளியிலிருந்தே இழுத்திருக்கலாம். கண் பெரிதாக இருந்தாலோ வலை தொய்ந்திருந்தாலோ உள்ளே வராமலே கடித்துவிடும். ஒருவேளை உள்ளேயே புகுந்திருந்தால் கூரையில் தடயம் இருக்கும். விடிந்ததும் ஏணி போட்டுப் பாருங்கள்: விலகிய ஓடு, சுவர்த் தலைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒட்டிய முடி. மரநாய் பக்கத்து மரக்கிளையிலிருந்து கூரைக்குத் தாவும். கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள்.

மற்றவற்றுக்கும் அடையாளம் உண்டு. பல கோழிகளைக் கடித்துக் குதறித் தின்னாமல் போட்டிருந்தால் நாய். முட்டை ஓடு கூட இல்லாமல் மாயமானால் பாம்பு. தரையில் வளை போட்டுக் குஞ்சை இழுத்தால் பெருச்சாளி.

மேற்கு வெளி:
கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கத்தான், விலங்கு உள்ளே வராமல் இருக்க அல்ல. அந்தக் கம்பி மெல்லியது, நாய் பல்லால் இழுத்தாலே கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), 18 கேஜ் வாங்குங்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும், கடையில் ஏமாந்துவிடாதீர்கள். முழுக்க மாற்றக் காசு இல்லையென்றால் கீழே 3 அடி உயரத்துக்கும் கூரைச் சந்துக்கும் மட்டும் போடுங்கள். கட்டுக்கம்பியால் மட்டும் கட்டினால் துருப்பிடித்து அறுந்துவிடும். மரச்சட்டத்தில் வாஷர் போட்ட திருகாணி, அரை அடிக்கு ஒன்று.

இன்றைக்கு வளை இல்லை என்றாலும் நாளைக்கு நரியோ பெருச்சாளியோ தோண்டும். சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு படுக்க வைத்து, சுவர் வலையோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணும் சரளையும் போடுங்கள். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டினால் 2 அடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. உங்கள் கூட்டுக்கு மூலைகளையும் சேர்த்து 36 அடி நீளம் தேவை. 4 அடி அகல ரோல் என்றால் நடுவே வெட்டிக்கொள்ளலாம், 18 அடி போதும்.

கதவடியை மறக்காதீர்கள். அங்கே ஒன்றரை அங்குலச் சந்து இருந்தாலே கீரிக்குட்டி புகுந்துவிடும். நிலைச்சட்டத்தின் கீழே பலகை அடித்து அரை அங்குலத்துக்குள் கொண்டுவாருங்கள். வெறும் கொண்டி ஆட்ட ஆட்டக் கழன்றுவிடும், அதன்மேல் பூட்டும் போடுங்கள்.

குளத்தங்கரை:
ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியவிட்டால் வராது என்பார்களே?

மேற்கு வெளி:
புதிதாக இருக்கும்வரை தயங்கும். பழகிவிட்டால் வெளிச்சத்திலேயே வரும். கோழிக்குத் தூக்கமும் கெடும்.

ஓடைக்கரை:
குஞ்சு விஷயம் தனி. பகலில் சத்தமில்லாமல் குறைந்தால் வல்லூறு, பருந்து, காகம், கீரி நாலையும் பார்க்க வேண்டும். முதல் ஒன்றரை மாதம் தாயோடு சேர்த்து அடைப்புக்குள் வையுங்கள். கொஞ்ச நேரத்துக்குப் பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் கூடை) போதும், ஆனால் மேலே கல் வைக்க வேண்டும், நாய் கவிழ்த்துவிடும். அடைப்புக்கு மேல் மட்டும் நைலான் வலை கட்டலாம். தரையோரம் கட்டவே கூடாது: சாரையும் நல்ல பாம்பும் அதில் சிக்கி உயிரோடு கிடக்கும், எடுக்கப் போகிறவர் கையில் கொத்தும். திறந்து மேயவிட்டால் அவரைப் பந்தல் மாதிரி தாழ்ந்த நிழல் வேண்டும். பருந்தின் நிழலைக் கண்டதும் தாய் குஞ்சுகளை அங்கேதான் கூட்டிப் போகும். இரண்டு கினிக்கோழி விட்டால் அந்நியமாக எதைக் கண்டாலும் கத்தித் தீர்க்கும்.

மானாவாரி:
ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செத்த கோழியில் குருணை மருந்து (பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லி) வைப்பதும், வீட்டுக் கரண்டை வேலிக் கம்பியில் விடுவதும் வேண்டவே வேண்டாம். மருந்தைத் தின்பது உங்கள் நாயும் மயிலும்தான். கரண்டில் மாடு மேய்க்கும் பிள்ளை விழும். கீரி, மரநாய், வெருகு எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, கொன்றால் வழக்கு. பிடித்து வேறு இடத்தில் விடுவதும் குற்றம்தான். அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும்.

கடிபட்டதை ஓடையில் வீசாமல் 3 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வீசினால் வாசம் பிடித்துத் திரும்ப வரும். சிந்திய தீவனத்தைச் சாயங்காலமே கூட்டிவிடுங்கள். அதற்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

கரிசல்மேடு:
கூரையில் ஒரு ஓடு விலகியிருக்கிறது, வேப்பங்கிளை மேலேயே தொங்குகிறது. கிளையை இன்றே வெட்டுகிறேன். மெஷ் வரும்வரை என்ன செய்ய?

மேற்கு வெளி:
மிச்சக் கோழிகளை ராத்திரிக்கு வீட்டுத் திண்ணையிலோ மூடிய அறையிலோ, காற்று போகிற கூடையில் அடையுங்கள். மெஷ் வந்ததும் முதலில் கூரைச் சந்து, அப்புறம் கதவு, கடைசியில் தரை. கோழி அடையும் குறுக்குக் கம்பை எந்த வலையிலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் கட்டுங்கள். பொழுது இருட்டுவதற்குள் கதவைச் சாத்துங்கள்.