டி.கே. சண்முகம்: மேடையில் பார்த்தவர்களும் திரையில் பார்த்தவர்களும்

மேடைப்பித்தன்:
நாடகக் கம்பெனி நடத்திய டி.கே.எஸ். சகோதரர்களைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை என்பதால், அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அறுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, என் பெரியப்பா என்னை அவருடைய ஔவையார் நாடகத்துக்கு அழைத்துச் சென்றார். கூனிய முதுகோடு கோலூன்றி வந்த அந்தப் பாட்டியை நான் உண்மையான கிழவி என்றே நம்பிவிட்டேன். நாடகம் முடிந்து திரை மறுபடி உயர்ந்ததும், அதே பாட்டி முதுகை நிமிர்த்தி, கோலைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, கணீரென்ற ஆண்குரலில் சபையோருக்கு நன்றி சொன்னபோது, நான் மிரண்டு பெரியப்பாவின் கையைப் பற்றிக்கொண்டேன். 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் ஔவை வேடம் கே.பி. சுந்தராம்பாளுக்குப் போயிற்று. அந்த அம்மாளின் பாட்டைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் அந்த வேடத்தாலேயே 'ஔவை சண்முகம்' என்று பெயர் பெற்றவர் அந்தப் படத்தில் இல்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

பழம்படப்பிரியர்:
சினிமா அவரைக் கைவிட்டது போல மேலே எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து உருவாகி டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடத்திவந்த மேனகா, 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமானது. புராணக் கதைகளே பேசும்படங்களாகிக் கொண்டிருந்த காலத்தில் ஒரு சமூகக் கதையோடு கம்பெனியே திரைக்குள் நுழைந்தது என்பது சிறிய செய்தியா? என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்ததும் அதில்தான். 1941-இல் குமாஸ்தாவின் பெண், 1948-இல் பில்ஹணன் என்று தொடர்ந்து தங்கள் நாடகங்களையே அவர்கள் திரைக்குக் கொண்டு சென்றார்கள். என் அனுபவம் கப்பலோட்டிய தமிழன் மறுவெளியீட்டில் நேர்ந்தது. சிறை மீண்ட வ.உ.சி.யின் முன் தொழுநோயால் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவாவாகச் சண்முகம் வந்து நிற்கும் காட்சியில், வ.உ.சி.யாக நடித்த சிவாஜியைப் பார்க்கப் போன நான் சண்முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடகக்கொட்டகை:
என் கதை சிறியது. மேடையில் நான் அவரை ஒரே ஒரு முறைதான், அதுவும் தூணுக்குப் பின்னால் கிடைத்த இடத்திலிருந்து, பாதி மறைந்த நிலையில் பார்த்தேன். ஆனால் மேலே வாதிடும் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: முதலில் அவருடைய 'எனது நாடக வாழ்க்கை' நூலைப் படித்துவிட்டு வாருங்கள். 1912-இல் பிறந்த அவர், 1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நடத்திய பாலர் சபையில் சேர்ந்தவர். சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததை உடனிருந்து அறிந்தவர். 1925-இல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கிய பிறகு அவர் வெறும் நடிகர் அல்லர். காட்சித் திரைகளும் உடுப்புப் பெட்டிகளும் ரயிலேறி ஊர் ஊராகப் போக வேண்டும். கொட்டகைக்கு வாடகை தர வேண்டும். மழையில் வசூல் படுத்தாலும் கம்பெனிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூன்று வேளை சோறு போட வேண்டும். இத்தனை பேர் வயிற்றைச் சுமந்தவர் சினிமாவுக்குப் போனதையும் திரும்பி வந்ததையும், சம்பளம் வாங்கிக்கொண்டு தனியாளாகப் போன நடிகரின் கணக்கில் வைத்துப் பேசக் கூடாது. இளைய நாடகக் குழுக்களில் இருப்பவர்களும் வசனத்தை மனப்பாடம் செய்வதற்கு முன் வரவு செலவு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஒத்திகைக்குத் தாமதமாக வருபவருக்கு முக்கிய வேடம் தராதீர்கள். ஒலிபெருக்கியை நம்பித் தொண்டையைப் பழக்காமல் விடாதீர்கள்.

மாமாவின் மருமகன்:
அறிவுரையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். அரு. ராமநாதன் எழுதி டி.கே.எஸ். குழு நடத்திய ராஜராஜ சோழன் நாடகம், 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. இயக்கிய ஏ.பி. நாகராஜனும் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவரே. சண்முகம் காலமானதும் அதே ஆண்டுதான். நாடகத்தைப் பலமுறை பார்த்திருந்த என் மாமாவோடு அந்தப் படத்துக்குப் போனேன். சிவாஜி வாய் திறப்பதற்கு முன்பே மாமா அடுத்த வசனத்தை முணுமுணுத்துவிடுவார். பின்வரிசைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, படம் பார்க்க விடுங்கள்" என்று அதட்டினார். மாமா திரும்பி, "இது எனக்குப் பழைய பாடம் தம்பி" என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.